வீட்டுக்கு ஒரு கடகம்

அவர் எந்த வீட்டு வாசலிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கையிலிருக்கும் கடகத்தைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடியில் நான்கு விரலால் தட்டுவார். பனை நாரில் இறுகப் பின்னிய பெரிய கூடை அது. எங்கள் பக்கத்தில் மண் சுமக்க அதைத்தான் எடுப்பார்கள். தட்டினால் ஈரத்தோலைத் தட்டியதுபோல் மந்தமான சத்தம் வரும். தெருக்கோடியில் அந்தச் சத்தம் கேட்டதுமே வாத்தியார் ஞானமுத்து, "அண்ணாச்சி வந்துட்டாரு, என் பழைய வேட்டி எங்க?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

அப்போது நான் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குத் திருநெல்வேலிச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. பாளையங்கோட்டைக்குத் தெற்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு தெருவில், மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரான ஞானமுத்துவின் மாடி அறையில் குடியிருந்தேன். தெருவுக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. சிறுகுளம் என்பார்கள். தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் கால்வாய், வழியிலுள்ள பெரிய குளங்களையெல்லாம் நிறைத்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே வந்து சேரும். குளத்துக்குக் கீழே வயல்கள். அந்த வயல்களில் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் எங்கள் தெருவைக் கட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் வாத்தியார் வீட்டுக் கொல்லையில் நெல் தானாக முளைக்கும். அவர் மனைவி அதைக் களை என்று பிடுங்கி எறிவார்.

அண்ணாச்சி அந்தக் குளத்துக்குத் தலைவர் அல்ல. வண்ணார்பேட்டையில், பாலத்துக்குப் போகும் வழியில், கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். உடன்குடியிலிருந்து வண்டிகளில் சரக்கு வரும். அவருடைய சொந்த ஊர் ராதாபுரத்துக்கும் தெற்கே, பனையும் செம்மணலும் தவிர வேறில்லாத ஓர் இடம். கடையில் சம்பாதித்ததைக் கொண்டு சிறுகுளத்துக்குக் கீழே இரண்டு வயல் வாங்கினார். வயலை ஒட்டி, எங்கள் தெரு முடிகிற இடத்தில், ஒரு சிறிய வீடும் போட்டுக்கொண்டார். மனைவி இல்லை. இருந்து இறந்தாரா, இல்லவே இல்லையா என்று நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலுக்குப் போவார். கடைசி வரிசையில் உட்காருவார். பாட மாட்டார்.

வருஷத்துக்கு ஒரு தடவை, கோடையில் கால்வாய் அடைபட்டிருக்கும்போது, குளத்துக்காரர்கள் கூடி உள்ளே படிந்த வண்டலை வாரிக் கரையில் போடுவார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். இந்த வேலைக்கு ஆள் கூப்பிடத்தான் அவர் கடகத்தைத் தட்டிக்கொண்டு வருவார். அந்தப் பொறுப்பை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. எப்படி அவரிடம் வந்தது என்று, குளத்துக்குக் கீழே பரம்பரையாகப் பயிர் செய்யும் சுடலைமுத்துவிடம் ஒரு தடவை கேட்டேன்.

"அவரு வயலு வாங்கின மொத வருசம் நாங்க கூப்பிடல வே" என்றார் சுடலைமுத்து. "ரெண்டு வயலை வாங்கிட்டா குளத்துக்காரன் ஆயிருவானா? நாங்க பாட்டுக்கு மண்ணு வாருதோம். இவரு வெள்ளை வேட்டியோட கடகத்தைத் தூக்கிக்கிட்டு வரிசையில வந்து நிக்காரு. 'அண்ணாச்சி, கருப்பட்டி எடுக்குத கைக்கு மண்ணு ஒட்டும்'ன்னேன். 'ரெண்டும் ஒட்டத்தான் செய்யும்'ன்னாரு. சாயங்காலம் வரைக்கும் வரிசைய விட்டு நகரல. பெறகு என்ன செய்ய, நீரும் பேசும்னோம்."

"என்ன பேசினார்?"

"'நல்ல தண்ணி'ன்னாரு. குளத்துல அன்னிக்கு ஒரு பொட்டுத் தண்ணி கிடையாது!"

சுடலைமுத்து இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அதே இடத்தில்தான் சிரிப்பார்.

'பேசும்' என்று அவர் சொன்னதற்கு ஓர் அர்த்தம் உண்டு. மண் சுமந்து முடிந்த பிறகு எல்லோரும் மடைக்கு மேலே கரையில் உட்காருவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் கடகம் கவிழ்ந்திருக்கும். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்று பேச்சு நடக்கும். சம்மதமானவர் தம் கடகத்தை நிமிர்த்துவார். சம்மதமில்லாதவர் கவிழ்ந்தபடியே விட்டுவிடுவார். நிமிர்ந்தவை அதிகமென்றால் காரியம் முடிந்தது. அதற்கு மேல் அந்த விஷயத்தில் பேச்சில்லை. மண் சுமக்காதவருக்கு முன்னால் கடகம் இருக்காது; ஆகவே அவருக்குக் குளத்தில் வார்த்தையும் இல்லை.

அண்ணாச்சிக்கு இந்த வழக்கத்தின்மேல் இருந்த பிடிப்பு வேறு எதன்மேலும் இருந்ததாகத் தெரியவில்லை. எந்தச் சங்கடத்துக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். கடையில் வேலை செய்த இருவர் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தபோது, "ரெண்டு பேரும் ஒருநாள் மண்ணு சுமந்தா சரியாப் போவும்" என்றார். வாத்தியாருக்கு வயிறு மந்தமாக இருந்தபோதும் அதையே சொன்னார். பெருமழையில் வாத்தியார் வீட்டுச் சுற்றுச்சுவர் விழுந்ததற்கும் அதையே சொல்லி, மறுநாள் காலையில் தாமே கடகத்தோடு வந்து நின்றார்.

வயல்காரர்கள் ஒவ்வொருவராக விற்க விற்கத் தெரு நீண்டது. சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் வந்து வீடு கட்டினார்கள். புது வீட்டில் பால் காய்ச்சும் நாளன்று அண்ணாச்சி ஒரு புதுக் கடகத்தோடு போவார். வீட்டுக்காரர்கள் அதைப் பரிசு என்று நினைத்து வாங்கி வைப்பார்கள். ஒரு வீட்டில் அதில் துணி போட்டு வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் கோழி அடைத்திருந்தார்கள். கோடை வந்து வாசலில் தட்டுகிற சத்தம் கேட்கும்போதுதான் அது எதற்கு என்று தெரியும்.

வயல்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் கடையில் வைத்தே சுடலைமுத்து அவரைக் கேட்டார். நான் கருப்பட்டி வாங்கப் போயிருந்தேன்.

"வயலைத் தூத்து வீடு கட்டுதவனுக்குக் குளத்துல என்ன சோலி வே?"

"கிணத்துல தண்ணி எடுக்கான்லா? அது எங்கன இருந்து வருது?"

"அவன் கிணறு அவன் பாடு."

"எங்க ஊருல இப்படிச் சொன்னா அடி விழும்."

"உம்ம ஊருல கிணறே கிடையாதே!"

"அதான் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி.

சுடலைமுத்து விடவில்லை. "நீரு வயலு வாங்கினீரு, நட்டீரு, அறுத்தீரு. உம்மைச் சேத்தது வேற. அவனுவ வயலை அழிச்சவனுவ."

"நானும் வந்தவன்தான் சுடலை. என்னைய வரிசையில விட்டீங்களா இல்லையா? மண்ணு சுமக்கட்டும். சுமந்தா சரியாப் போவும்."

அப்படித்தான் தெரு குளத்துக்குள் வந்தது.

முதலில் எல்லோரும் வரவில்லை. எதிர் வீட்டுக் குமாஸ்தா சங்கரலிங்கம் கச்சேரியில் பெரிய இடத்தில் இருந்தவர். தெருவில் எல்லாக் காரியத்துக்கும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். அவர் தம் வீட்டு வேலையாள் மாடசாமியிடம் கடகத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாடசாமி நன்றாகவே சுமந்தான். சாயங்காலம் கரையில் எல்லோரோடும் உட்கார்ந்தான்.

"ஏலே, நீ எங்க இருக்கே? ஒன் எசமானுக்குப் பதிலுக்குத்தான வந்தே" என்று ஒருவர் அதட்டினார்.

"சுமந்தது யாரு?" என்றார் அண்ணாச்சி. "பேசு லே, மாடசாமி."

மாடசாமி எழுந்து நின்று, "எங்க எசமான் வீட்டுச் சாக்கடைய குளத்துக்குள்ள விட்டிருக்காவ. அதை அடைக்கணும்" என்றான். கடகங்கள் மளமளவென்று நிமிர்ந்தன. சாக்கடையை அடைத்தார்கள். மறுவருஷத்திலிருந்து குமாஸ்தா தாமே வந்தார். தலைப்பாகையைக் கழற்றவில்லை, கோட்டை மட்டும் கழற்றி மடித்துக் கரையில் வைத்துவிட்டு இறங்கினார். மண் சுமப்பதில் சுணங்கவும் இல்லை.

மத்தியானம் அண்ணாச்சி கடையிலிருந்து பானை நிறையப் பானகம் வரும். கருப்பட்டியும் சுக்கும் புளியும் கரைத்தது. ஒரே ஒரு பித்தளைத் தம்ளர். அவரே ஊற்றி ஊற்றிக் கொடுப்பார். ஒருவர் குடித்ததும் கழுவி அடுத்தவருக்கு. கழுவிய தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்ட மாட்டார். குளத்துப் பக்கமாகத் திரும்பிச் சாய்ப்பார். குமாஸ்தாவும் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் அவர் கையால் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. அதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அவர்கள் முறை வரும்போது அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பனையோலையில் பொதிந்த கருப்பட்டிக் கட்டி ஒன்றை நீட்டுவார். அவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். பிறகு தம்ளர் அடுத்தவருக்குப் போகும். ஒவ்வொரு வருஷமும் இப்படியே நடந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதில் படிக்க ஒன்றும் இருந்ததில்லை.

கால்வாயில் புதுத்தண்ணீர் வந்து சேரும் நாளில் கடை பிந்தித் திறக்கும். கால்வாய் குளத்தில் விழும் இடத்தில் வேட்டியை முழங்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் முதலில் நுரையும் சருகுமாக வரும். பாதம் நனைந்ததும் ஒரு கை அள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுவார். சந்தோஷமாக இருப்பதாகவும் சொல்ல முடியாது. "எங்க அம்மை தண்ணிக்குப் போனா, திரும்பி வரயில நான் அழுது முடிச்சித் தூங்கிருப்பேன்" என்று ஒருநாள் சொன்னார். அவர் தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றிச் சொன்னது, நான் கேட்ட வரையில், அவ்வளவுதான்.

பிறகு ஒரு மழைக்காலத்தின் முடிவில் தெருவில் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு ஒருவராவது படுத்திருந்தார்கள். காய்ச்சல் கொசுவால் வருகிறது, கொசு தேங்கின தண்ணீரில் வருகிறது என்ற பேச்சு அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. தெருவில் எல்லோரும் குளத்தைப் பார்த்தார்கள். வீடு கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளங்கள் கொல்லைகளுக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. அவற்றிலும் தண்ணீர் பச்சையாக நின்றது. குளத்தில் மீன் இருந்தது, பள்ளத்தில் இல்லை. இதை நான் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்திருப்பார்.

வாத்தியாரின் இளைய மகள் அந்தக் காய்ச்சலில் இறந்தாள். அண்ணாச்சி கையில் கடகம் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான். வாசலில் நின்றார். வாத்தியார் வெளியே வந்து, "பாத்தீரா அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி தலையை மட்டும் அசைத்தார். அவருடைய மருந்தை அன்று அவர் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் மண் தள்ளும்போது மண்வெட்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் அவரே தள்ளினார்.

அடுத்த மாதம் குமாஸ்தா சங்கரலிங்கம் முனிசிபாலிட்டிக்கு மனு எழுதினார். குடியிருப்புக்குப் பக்கத்தில் குளமும் நஞ்சைப் பயிரும் இருப்பதால் காய்ச்சல் பரவுகிறது. குளத்தைத் தூர்த்து, கீழே நெல் போடுவதையும் நிறுத்த வேண்டும். குளம் போனால் அங்கேயும் மனை விழும் என்பது மனுவில் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் குமாஸ்தா வீட்டிலும் காய்ச்சல் கிடந்தது. அதுவும் உண்மை.

மனு சுற்றிக்கொண்டு தாசில்தாரிடம் வந்தது. குளத்துக்குப் பாத்தியப்பட்டவர்களின் சம்மதத்தை நேரில் கேட்டு எழுத வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. அவர் வருவதற்கு முந்தின நாள் சுடலைமுத்து கருப்பட்டிக் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"நாளைக்கு அவரு யாருக்குப் பாத்தியம்னு கேப்பாரு" என்றார் சுடலைமுத்து. "வயலுக்குப் பட்டா உள்ளவனுக்கு மட்டும்னு சொல்லிருவோம். நம்ம ஆளு அத்தனை பேரும் கவுத்தே வச்சிருவான். குளம் நிக்கும். தெருக்காரனையும் சேத்தா நாம பாதிகூட இல்ல வே. குளம் போயிரும்."

"போவாது."

"எதை வச்சுச் சொல்லுதீரு?"

"ஒவ்வொருத்தனும் மண்ணு சுமந்திருக்கான்லா."

"அண்ணாச்சி, நீரு வாயைத் திறக்காம இருந்தாலே போதும். நாங்க பேசிக்கிடுதோம்."

"கடகம் எடுத்தவனை எடுக்கலன்னு எப்படிச் சொல்ல, சுடலை?"

சுடலைமுத்து கடையைவிட்டு இறங்கினார்.

தாசில்தார் காலையில் வண்டியில் வந்தார். கரையில் நாற்காலி போட்டிருந்தது. சேவகன் ஒருவன் குடை பிடித்தான். ஒரு பக்கம் வயல்காரர்கள், ஒரு பக்கம் தெருக்காரர்கள். எல்லோர் முன்னாலும் கடகம் கவிழ்ந்திருந்தது. தெருக்காரர்கள் முன்னால் இருந்தவை பழுப்பேறாமல் இன்னும் புதிதாக இருந்தன. குளத்தில் நல்ல தண்ணீர் கிடந்தது. நான் குடிக்கூலிக்காரன், வாத்தியார் வீட்டுக்கு வாத்தியார்தான் ஆள். ஆகவே ஓரமாக நின்றேன்.

"குளத்துக்குப் பாத்தியப்பட்டவர்கள் யார்?" என்று தாசில்தார் கேட்டார். யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே, "நஞ்சைப் பட்டாக்காரர்கள் மட்டுந்தானே?" என்றார்.

வயல்காரர்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். தெருக்காரர்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. குமாஸ்தா எழுந்திருக்கப் போனார். அதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"இல்லைய்யா" என்றார். "கடகம் எடுத்த எல்லாரும்."

"வீட்டுக்காரர்களுமா?"

"அவங்களுந்தான். அங்கன இருக்க கடகம் எல்லாம் நான் குடுத்தது. வருசா வருசம் சுமந்திருக்காங்க."

"இதில் மற்றவர்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

சுடலைமுத்து வாயைத் திறந்தார். வயல்காரர்களில் பெரியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சுமந்தவனைச் சுமக்கவில்லை என்று அந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல அவருக்கும் முடியவில்லை. தாசில்தார் எழுதிக்கொண்டார். பிறகு, குளத்தைத் தூர்க்கச் சம்மதமா என்று கேட்டார்.

குமாஸ்தா தம் கடகத்தை நிமிர்த்தினார். அடுத்து அவர் பக்கத்திலிருந்தவர். அதற்கடுத்து ரயில்வேக்காரர். காய்ந்த நார் சரளையில் உரசும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வயல்காரர்களின் கடகங்களும் அண்ணாச்சியுடையதும் கவிழ்ந்தபடியே இருந்தன. அண்ணாச்சி ஒவ்வொரு கடகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆட்களைப் பார்க்கவில்லை. கடைசியில் தெருக்காரர்களில் வாத்தியார் கடகம் மட்டும் பாக்கி. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"அண்ணாச்சி" என்றார் வாத்தியார். "பிள்ளை..."

"நிமித்தும் வாத்தியாரே. தப்பில்ல."

வாத்தியார் நிமிர்த்தினார்.

நான் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியதை நான்கு வரியாகக் குறைத்துப் போட்டார்கள். பாளையங்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிறு குளத்தைச் சுகாதாரத்தை முன்னிட்டுத் தூர்ப்பதற்குக் குளத்துக்காரர்களே பெரும்பான்மையாகச் சம்மதம் தெரிவித்தனர் என்று இருந்தது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

வயல்காரர்கள் அண்ணாச்சியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சுடலைமுத்து மட்டும் கடைக்கு வந்து, நாலுபேர் நிற்கும்போது, "உம்ம நியாயத்தைக் கொண்டுபோய் உம்ம ஊரு மணலுல நடும் வே. அங்கனயாவது முளைக்குதா பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தம் வயலை மனைக்கு விற்றுவிட்டு மலைமேல் தோட்டவேலைக்குப் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அண்ணாச்சி வயலை விற்கவில்லை, நடவும் இல்லை. அது சும்மா கிடந்தது. இரண்டாம் கோடையில் தெருக் கிணறுகளில் தண்ணீர் கீழே போயிற்று. வாத்தியார் நீளமான கயிறு வாங்கினார். அதைப் பற்றித் தெருவில் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. காய்ச்சல் முன்போலவே மழைக்காலந்தோறும் வந்து போயிற்று.

ஒருநாள் கடையில் வேறு யாரும் இல்லாதபோது அவரிடம் கேட்டேன்: "பட்டாக்காரர் மட்டும் என்று தாசில்தாரே எடுத்துக் கொடுத்தாரே. ஆமாம் என்று ஏன் சொல்லவில்லை?"

அவர் கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தார். தட்டு நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டு, "சொல்லிருந்தா, மொத வருசம் என்னைய வரிசையில விட்டதும் தப்புன்னு ஆயிரும்லா" என்றார். பிறகு ஓலையில் பொதிந்து கொடுத்தார். சில மாதங்களில் பத்திரிகைக்காரர்கள் என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் எப்போது இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்பது தெரியாது.

நான் சொல்ல நினைத்தது கரையை வெட்டின நாளைப் பற்றி. தாசில்தார் வந்துபோன அதே வருஷக் கோடையில் அது நடந்தது. தூர்ப்பதற்கு மண் வண்டிகளை முனிசிபாலிட்டி அனுப்புவதாக ஏற்பாடு. முதலில் கரையை வெட்டி உள்ளே தள்ளும் வேலையைத் தெருக்காரர்களே செய்துகொள்வதாகக் குமாஸ்தா ஒப்புக்கொண்டிருந்தார். முந்தின சாயங்காலம் தெருவில் கடகம் தட்டும் சத்தம் கேட்டது. வாத்தியார் எழுந்து, "அண்ணாச்சியா?" என்றார். நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். குமாஸ்தா சங்கரலிங்கம் வீடு வீடாக நின்று கடகத்தைக் கவிழ்த்து நான்கு விரலால் தட்டிக்கொண்டு வந்தார். "நாளைக்குக் குளத்து வேலை. வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கடகம்." வார்த்தையும் அண்ணாச்சியுடையதுதான். அதில் கேலி இல்லை. வேறு விதமாகக் கூப்பிட அவருக்குத் தெரியாது.

தெருவின் கடைசி வீட்டுக்கு முன்னால் வந்ததும் அவர் கை நின்றது. தட்டாமல் திரும்பப் போனார். அதற்குள் அண்ணாச்சி உள்ளேயிருந்து வெளியே வந்தார்.

"வீட்டுக்கு ஒரு ஆளுதான? வாரேன்."

மறுநாள் வயல்காரர்களில் ஒருவரும் வரவில்லை. அண்ணாச்சி வரிசையில் நின்றார். வருஷா வருஷம் உள்ளேயிருந்து கரைக்கு ஏறிய மண் அன்று கரையிலிருந்து உள்ளே இறங்கிற்று. இறக்கத்தில் சுமப்பதால் வேலை சுலபமாக இருந்தது. அவர் எல்லோரையும்போலத்தான் சுமந்தார். வேகமாகவும் இல்லை, தயங்கவும் இல்லை. மடை இருந்த இடத்தில் கரை திறந்து, அந்தப் பக்கத்து வயல் தெரிந்தது. அடியில் மிச்சமிருந்த சேற்றில் குரவை மீன்கள் துள்ளின. மாடசாமி அவற்றைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டான்.

மத்தியானம் கடையிலிருந்து பானை வந்தது. யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. குடிமராமத்து என்றால் பானகம் என்று கடை ஆட்களுக்குப் பழகியிருந்தது. எல்லோரும் வெட்டாமல் மிஞ்சியிருந்த கரையில் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி கடகங்களைக் கவிழ்த்து வைத்தார்கள்.

பேசி முடிக்க வேண்டிய விஷயம் எதுவும் இல்லை. குமாஸ்தாதான், "அண்ணாச்சி, நீரு ஒரு வார்த்தை சொல்லும்" என்றார். "கடகம் எடுத்தவங்களுக்குப் பேச்சு உண்டுல்லா."

அண்ணாச்சி எழுந்து நின்று குளத்துக்குள் பார்த்தார்.

"வெயிலு ஏறுது. எல்லாரும் குடிங்க" என்றார்.

தம்ளரைக் கையிலெடுத்து ஒவ்வொருவருக்காக ஊற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தார். வாத்தியார் குடித்தார். ரயில்வேக்காரர் குடித்தார். குமாஸ்தாவின் முறை வந்தது. அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஓலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். குமாஸ்தா அதை வாங்கவில்லை. குனிந்து தம்ளரைத் தாமே எடுத்து நீட்டினார். அண்ணாச்சி ஊற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, குமாஸ்தா அவர் கைப் பானகத்தைக் குடித்தார். முழுவதையும் குடித்தார்.

அண்ணாச்சி பொட்டலத்தைப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். தம்ளரைத் திரும்ப வாங்கிக் கழுவினார். கழுவின தண்ணீரைக் குளத்துப் பக்கமாகத் திரும்பிச் சாய்த்தார். அது புதுமண்ணில் விழுந்து உடனே உள்ளே இறங்கிப் போயிற்று. அவர் அடுத்தவருக்கு ஊற்றினார்.